நொய்யல் போன வழியே

திருச்சியில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது காவிரித் தண்ணீர். கம்பரசம்பேட்டையில் ஆற்று மணலுக்கடியில் கிணறு இறக்கி எடுத்து அனுப்புகிறார்கள். எங்களுக்கு மேலே அந்தக் காவிரியில் வந்து கலப்பவை பவானி, நொய்யல், அமராவதி. இதில் நொய்யலைப் பற்றிப் பல வருடங்களாகச் செய்தித்தாளில் படித்துவருகிறேன், ஆற்றை மட்டும் பார்த்ததில்லை. மலையில் பிறக்கும் இடத்திலிருந்து காவிரியில் சேரும் இடம் வரை, பஸ் போகிற அளவுக்குப் போய்ப் பார்ப்பது என்று கிளம்பிவிட்டேன். 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஆறு. ஐப்பசி மழைக் காலம் என்பதால் தண்ணீர் இருக்கும் என்று தெரியும். மற்றதெல்லாம் போகிற வழியில் தெரிந்துகொண்டவை.

நவம்பர் 8, சனி: சாடிவயல், பூண்டி

கோவை காந்திபுரத்தில் சிறுவாணி பஸ் ஏறும்போதே தூறல். இருட்டுப்பள்ளம் தாண்டியதும் பாக்குத் தோப்பும் வாழையும் இருபக்கமும் கவிந்து வந்தன. மலை முழுக்க மேகம். கோவைக் குற்றாலத்தில் குளிக்கலாம் என்று துண்டெல்லாம் எடுத்துப் போயிருந்தேன். சாடிவயல் செக்போஸ்டில் கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள். அருவியில் வெள்ளம், யாரையும் விடுவதில்லை. வேனில் வந்த ஒரு குடும்பம் கெஞ்சிப் பார்த்தது. வனத்துறைப் பையன் ஒருவர், "உங்க நல்லதுக்குத்தானுங் சொல்றோம், மேல மழை கொட்டிட்டிருக்குது" என்று அதையே பத்துத் தடவை, முகம் சுளிக்காமல் சொன்னார்.

பக்கத்தில் ஒரு பாட்டி சோளக்கதிர் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். கதிர் 30 ரூபாய். உப்பு மிளகாய் தடவியதைத் தின்றுவிட்டுத் தண்ணீர் பாட்டில் கேட்டேன். "பாட்டில் எதுக்கு அம்மிணி, சிறுவாணித் தண்ணி இருக்குது, குடி" என்று எவர்சில்வர் சொம்பை நீட்டினார். குடித்தேன். அதற்கு ருசி என்று தனியாக எதைச் சொல்வது? நாக்கில் ஒன்றுமே தங்கவில்லை, தாகம் மட்டும் போயிற்று. உலகத்திலேயே இரண்டாவது ருசியான தண்ணீர் என்று கோவைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பாட்டியும் சொன்னார்.

சிறுவாணி அணை இருப்பது கேரள எல்லைக்குள். மலையைக் குடைந்த சுரங்கப் பாதை வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்து, அடிவாரத்தில் வடிகட்டப்பட்டுக் கோவைக்குப் போகிறது. அணையைச் சுற்றிக் காடு. ஊரும் இல்லை, தோட்டமும் இல்லை, மருந்தடிப்பும் இல்லை. மழை விழுந்து இலைச் சருகிலும் வேரிலும் இறங்கி வருகிறது. சுத்திகரிப்பில் பாதிக்கு மேல் காடே செய்து முடித்துவிடுகிறது.

மதியச் சாப்பாடு இருட்டுப்பள்ளத்தில் ஒரு சின்ன மெஸ்ஸில். அரிசிம்பருப்பு சாதம், தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி, அப்பளம், தயிர். 70 ரூபாய். பருப்பு தனியாகத் தெரியாத அளவுக்குக் குழைந்திருந்தது. கைப்பக்குவத்தைப் பாராட்டினால், பரிமாறிய அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "தண்ணிதாங்க காரணம். எங்க தங்கச்சியத் திருப்பூர்ல குடுத்திருக்குது. அங்க போர் தண்ணில இதே பருப்பப் போட்டா வேகவே வேகாது." அப்போது தலையாட்டிக்கொண்டேன். முழுசாக விளங்கியது செவ்வாய்க்கிழமைதான்.

அப்புறம் பூண்டி. வெள்ளியங்கிரி மலையேற்றம் பிப்ரவரி முதல் மே வரைதான் என்பதால் கோயில் வாசல் காலியாகக் கிடந்தது. சீசனில் மலையேறுபவர்களின் பைகளை இங்கே சோதிக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு, பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணத்தைத் தருகிறார்கள். லட்சக்கணக்கில் ஜனம் ஏறுகிற மலை இது, இந்த ஏற்பாடு இல்லையென்றால் எத்தனை பிளாஸ்டிக் ஓடையில் இறங்கும்! நொய்யலுக்கு இங்கே ஒற்றை ஊற்று கிடையாது. இந்த மலைச்சரிவிலிருந்து இறங்குகிற ஓடைகள் இந்தப் பக்கத்துக் கூடுதுறை என்கிற இடத்தில் சேர்ந்த பிறகுதான் ஆறு என்று பெயர். ஒரு ஓடையில் முழங்கால் வரை இறங்கினேன். அடியில் கிடந்த கூழாங்கல்லின் வரி கூடத் தெரிந்தது. ஐந்து மணிக்கு மேல் யானை வரும், நிற்காதீர்கள் என்று பூக்கடைக்காரர் இரண்டு முறை வந்து சொன்னார். பஸ் வரும்வரை எனக்குத் துணையாக அவரும் நின்றிருந்தார்.

நவம்பர் 9, ஞாயிறு: பேரூர், கோவைக் குளங்கள்

காலையில் சித்திரைச்சாவடி அணைக்கட்டு. நொய்யலின் மேல்பகுதியில் இருக்கும் பழைய தடுப்பணை. கோவையின் குளங்களுக்குப் போகும் வாய்க்கால் இங்கேதான் பிரிகிறது. தண்ணீர் செம்மண் நிறத்தில் கல்லின்மேல் வழிந்து இரைந்துகொண்டிருந்தது. பையன்கள் குதித்துக் குளிக்க, கரையில் ஒருவர் கெண்டை பிடித்து விற்றார். இதுவரைக்கும் ஆறு நன்றாகவே இருக்கிறது. செம்மண் நிறம் அழுக்கு இல்லை. புதுவெள்ளம் அப்படித்தான் இருக்கும்.

பேரூரில் பட்டீஸ்வரரைச் சேவித்துவிட்டுப் படித்துறைக்குப் போனேன். காஞ்சிமாநதி என்று தலபுராணம் சொல்கிற ஆறு இதுதான். தர்ப்பணம் கொடுக்க நல்ல கூட்டம். முடித்தவர்கள் வேட்டியையும் துண்டையும் ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். படிக்கட்டின் கீழ் மூலையில் நனைந்த துணி, பிளாஸ்டிக் தட்டு, மாலை எல்லாம் ஒரு திட்டாகச் சேர்ந்திருந்தது. துப்புரவுத் தொழிலாளி அம்மா ஒருவர் கொக்கி வைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "விடவேண்டாம்னு சொன்னா சாபம் குடுக்கறாங்க சாமி" என்றார். பித்ருக்களுக்குக் கொடுக்கிற எள்ளும் தண்ணீரும் போதும். பாலியஸ்டர் துண்டை ஆற்றில் விடச் சொல்லி எந்த சாஸ்திரமும் இல்லை. இதைக் கோபமாகவே எழுதுகிறேன்.

பேரூருக்குக் கீழே நகரம் தொடங்கிவிடுகிறது. நொய்யலின் பெருமையே இந்தக் குளச் சங்கிலிதான். ஆற்றில் வெள்ளம் வந்தால் அணைக்கட்டு திருப்பிவிடும், வாய்க்கால் கொண்டுபோகும், ஒரு குளம் நிரம்பி அடுத்ததற்கு வழியும். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். பெரிய ஆறு இல்லாத, மழை மறைவுப் பகுதியில் இருக்கிற ஊர் கிணற்றுத் தண்ணீரை வைத்துப் பிழைத்தது இந்தக் குளங்களால்.

பெரியகுளத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நடைபாதை, விளக்கு, படமெடுக்க மேடை எல்லாம் அழகாகச் செய்திருக்கிறார்கள். தள்ளுவண்டியில் காளான் 50 ரூபாய், மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவிச் சுடச்சுடக் கொடுத்தார். சாப்பிடும்போது காற்று திரும்பியதும் நாற்றம் வந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், பழைய மில் தொழிலாளி, "வருசம் பூராவும் குளம் நெறஞ்சிருக்குதுன்னு சந்தோசப்படறாங்க. கோடைல குளம் நெறஞ்சிருந்தா அது மழைத் தண்ணியா இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதைத்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் இந்தக் குளங்கள் மழைக்கு நிறைந்து கோடையில் வற்றும். வற்றியதும் வண்டல் அள்ளுவார்கள். இப்போது வற்றுவதே இல்லை. வீடுகளின் சாக்கடை மழைநீர் வாய்க்காலில் இறங்கி, வாய்க்கால் குளத்தில் இறங்குகிறது. குளம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, வந்ததைப் பூமிக்குள் இறக்குகிறது. சாக்கடை வந்தால் சாக்கடையைத்தான் இறக்கும். உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் இருக்கிறது. ஆனால் பாதாளச் சாக்கடைக் குழாய் எட்டாத வீட்டின் கழிவு அங்கே போய்ச் சேராது. 2013-ல் இதே பெரியகுளத்தைத் தூர்வார ஞாயிறுதோறும் ஆயிரக்கணக்கில் ஜனம் மண்வெட்டியோடு வந்தது. அந்த மனசு இந்த ஊரில் இருக்கிறது. குழாய்தான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவேண்டும்.

சாயங்காலம் சிங்காநல்லூர் குளம். 2017-ல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்த இடம். கரையில் மரங்களும், நீர்க்காகமும், தாழைக்கோழியும், ஒரு பக்கம் முழுக்க ஆகாயத்தாமரையும் பார்த்தேன். சேற்றில் செருப்பு வார் அறுந்துபோனது. வெறுங்காலோடு ரோட்டுக்கு வந்தால், கடையை மூட்டை கட்டிக்கொண்டிருந்த செருப்புத் தைக்கிறவர் மறுபடி பிரித்து உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். 20 ரூபாய். 30 கொடுத்தபோது பத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

நவம்பர் 10, திங்கள்: திருப்பூர்

லாட்ஜ் அறை 900 ரூபாய். குளியலறையில் சோப்பு நுரைக்கவே இல்லை. தேய்க்கத் தேய்க்க உடம்பில் வெண்ணெய் மாதிரி ஒட்டுகிறதே தவிர நுரை வரவில்லை, தலைமுடி கயிறாகிவிட்டது. கீழே வந்து கேட்டால், "அது போர் தண்ணிங்க்கா. குடிக்க மட்டும் கேன்" என்றான் அறை கொடுத்த பையன். திண்டுக்கல் பக்கத்துக்காரன், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, ஆனால் நல்ல தண்ணி வரும் கிழமை, உப்புத் தண்ணி வரும் நேரம் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னான்.

ராத்திரி நல்ல மழை. காலையில் வளர்மதி பாலத்தில் ஏறிப் பார்த்தேன். சாக்கடையும் மழைத் தண்ணீரும் சேர்ந்து கரும்பழுப்பாக ஓடியது, தடுப்பணை அருகே நுரை பொங்கி மிதந்தது. பாலத்தில் வண்டியை நிறுத்தி ரெண்டு மூன்று பேர் போனில் படமெடுத்தார்கள். ஒருவர், "மழை பேஞ்சா இப்படித்தானுங்க, ஆரு தொறந்து உட்டாங்கன்னு ஆரு கண்டா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நுரை எங்கிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. வீட்டுச் சோப்புத் தண்ணீர் தடுப்பணையில் விழுந்தாலும் நுரைக்கும். சாயம் கலந்தது மாதிரி நிறம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் திருப்பூரின் பிரச்சினையே கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதான் என்பதை ஒரு டீக்கடையில் தெரிந்துகொண்டேன்.

டீ 15 ரூபாய், கூடவே ஒரு தேங்காய் பன். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவர் முப்பது வருடமாகச் சாயப்பட்டறை வேலை பார்க்கிறவர். நகக்கண்ணில் நீலம் ஏறிப்போயிருந்தது. நான் ஆற்றைப் பார்க்க வந்தேன் என்றதும் சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம் அவராகவே ஆரம்பித்தார். "சாயத்த எல்லாரும் திட்றாங்க. சாயம் இல்லீங்க, உப்பு. உப்புப் போடாம பனியன் துணில சாயம் புடிக்காது."

அவர் சொன்னது இதுதான். பருத்தி நூலும் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளும். நிறைய உப்பைக் கரைத்தால்தான் சாயம் நூலுக்குள் போகும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராமுக்கு மேல் போடுவதுண்டு. கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம்தான் உப்பு! சாயத்தைப் பிடித்த துணி போய்விடும், உப்பு அப்படியே தண்ணீரில் நிற்கும். தொண்ணூறுகளில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கசடையும் எடுத்தன, கரைந்த உப்பை எடுக்கவில்லை. பார்க்கத் தெளிந்த தண்ணீராக அது ஆற்றில் இறங்கியது. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. ஆற்றோரக் கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டிப் போயின.

கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், 2007 ஜூலைக்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலைக்கு வரவேண்டும், அதுவரை வெளியே விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை கட்டவேண்டும் என்றது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்று உறுதி செய்தது. அப்புறமும் நடக்காததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. மின்சாரத்தைத் துண்டித்தார்கள். 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

"அன்னைக்கு எங்களுக்குக் கஞ்சிக்கு வழியில்லீங்க. மொதலாளிக வேற ஊர்ல போய்ப் பட்டறை போட்டாங்க, நாங்க எங்க போறது?" என்றார் அவர். இதையும் சேர்த்தே எழுதவேண்டும். தீர்ப்பு சரி என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் அதன் வலியை முதலில் வாங்கியது இவர் வீடு. மூடப்பட்டவை பிறகு உப்பைப் பிரிக்கும் எந்திரங்களோடு படிப்படியாகத் திறந்தன. தண்ணீரை ஆர்.ஓ.வில் அழுத்தி, மீதியைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் பட்டறைக்கே திருப்புகிறார்கள். ஒன்றோடொன்று கலந்து பயன்படாமல் போகிற உப்பு மூட்டைகள் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கின்றன. கரண்ட் செலவு அதிகம். மழை நாளில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்கள் பிடிபடுவதும் செய்தித்தாளில் வருகிறது. ஆனாலும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஆறு எந்த நிறத்தில் ஓடியது என்று அவரே சொன்னார்: "காலைல சேப்பு, மத்தியானம் நீலம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் வேறு. சொந்த ஆறும் கிணறும் போனதால் திருப்பூருக்குத் தண்ணீர் வருவது வெளியிலிருந்து. மேட்டுப்பாளையத்தில் பவானியிலிருந்து எடுக்கிறார்கள். பவானி ஊருக்கருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்து, 50 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவரும் திட்டமும் இருக்கிறது. அதில் பெரும் பங்கு பட்டறைகளுக்கு. காவிரித் தண்ணீர் இங்கே வந்து, துணி அலசி, மீறுகிறவர்கள் கையில் பட்டால் நொய்யலில் இறங்கி, மறுபடி காவிரிக்குப் போகிறது. அதைத்தான் நாங்கள் கம்பரசம்பேட்டையில் எடுக்கிறோம்.

நவம்பர் 11, செவ்வாய்: நஞ்சராயன் குளம், ஒரத்துப்பாளையம்

காலை ஆறரைக்கு நஞ்சராயன் குளம். ஊத்துக்குளி ரோட்டில் நல்லாற்றுத் தண்ணீர் வந்து நிறைகிற ஏரி. பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பெலிகன் கூட்டம் ஒன்று வரிசையாக நீந்தியது. பைனாகுலரோடு வந்திருந்த கல்லூரிப் பெண்கள் எனக்கும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பனியன் கம்பெனிகளுக்கு இத்தனை பக்கத்தில் இப்படி ஒரு நீர்நிலை தப்பிப் பிழைத்திருப்பதை நினைத்துச் சந்தோஷமாக இருந்தது.

ஊத்துக்குளியில் இறங்கி வெண்ணெய் தோசை சாப்பிட்டேன், 80 ரூபாய். வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். அங்கிருந்து சென்னிமலை, பிறகு அணைப்பக்கம் போகிற பஸ். கண்டக்டர் ஒரு பிரிவு ரோட்டில் இறக்கிவிட்டார். "கொஞ்ச தூரந்தானுங்க" என்றார். வெயில் சுள்ளென்று அடித்தது. கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில் காங்கேயம் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நடந்து நடந்து கால் வீங்கியபோது, டிவிஎஸ் எக்ஸெல்லில் தீவன மூட்டையோடு வந்த ஒருவர் நிறுத்தி, மூட்டையை முன்னால் தள்ளி என்னை ஏற்றிக்கொண்டார்.

நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது. மண்கரை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கரூர் பக்கம் பத்தாயிரம் ஏக்கர் அளவுக்குப் பாசனம் தர வேண்டிய அணை. சில வருடங்களிலேயே தேங்கியதெல்லாம் திருப்பூரின் கழிவாகிவிட்டது. எங்களுக்கு இந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்க வேண்டிய நிலை வந்தது. தண்ணீர் வேண்டும் என்று போராடுகிற நாட்டில், வேண்டாம் என்று மனுப் போட்டார்கள். அணையில் தேக்கக்கூடாது, வருவதை அப்படியே விடவேண்டும் என்று ஆனது. நான் பார்த்தபோதும் தேக்கம் இல்லை. நீர்ப்பரப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சீமைக்கருவேலம், நடுவில் ஒரு கால்வாய் அகலத்துக்கு ஓட்டம், ஓரத்தில் வெடித்த சேறு.

வண்டியில் ஏற்றிவந்தவர், "வெயில்ல எங்க போறீங்க, வூட்டுக்கு வாங்க, மோர் குடிச்சுட்டுப் போலாம்" என்று கூட்டிப்போனார். ஓட்டுவீடு. வாசலில் நீல டிரம் மூன்று, மூடியின்மேல் கல் வைத்திருந்தது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வருகிற அன்று பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அவர் மனைவி மோரில் கறிவேப்பிலை கிள்ளிப்போட்டுக் கொடுத்துவிட்டு, கிணற்றைக் காட்டக் கூட்டிப்போனார். கிணறு நிறையத் தண்ணீர்! மேலிருந்து பார்த்தால் படிக்கட்டின் ஏழாவது, எட்டாவது கல் தெரிகிற அளவு தெளிவு. வாளியில் எடுத்து ஒரு வாய் வைத்தேன். உப்பும் கசப்பும் சேர்ந்து நாக்கு சுருங்கியது. துப்பிவிட்டேன்.

சமையலறையில் ஒரு அலுமினியக் குண்டாவை எடுத்துக் காட்டினார். குழாய் வராத நாளில் இந்தத் தண்ணீரைக் காய்ச்சுகிற பாத்திரம். உள்ளே விளிம்பிலிருந்து அடி வரை வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, நகத்தால் சுரண்டினால் தகடாகப் பெயர்ந்து வந்தது. "இதுல பருப்புப் போட்டா நாள் பூரா அடுப்பெரிஞ்சாலும் கல்லாட்டவே கெடக்கும். நான் கல்யாணமாகி வந்தப்ப இதே கெணத்துத் தண்ணிலதானுங்க நெல்லம்பருப்புச் சோறு ஆக்குனோம், பத்து நிமிசத்துல வெந்துரும். மாமியா சாகறவரைக்கும் இந்தத் தண்ணியச் சொல்லிச் சொல்லி அழுவாங்க." சனிக்கிழமை இருட்டுப்பள்ளத்து அம்மா சொன்னது அப்போது முழுசாக உறைத்தது. அதே ஆற்றின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தச் சாதத்தைச் சாப்பிட்டு மூன்று நாள்தான் ஆகிறது.

தென்னைக்குப் பாய்ச்சினால் குரும்பை உதிர்கிறது என்றார் என்னை வண்டியில் ஏற்றிவந்தவர். மஞ்சளும் நெல்லும் போட்ட காட்டில் இப்போது மாட்டுத் தீவனச் சோளம். நஷ்ட ஈட்டுக்கென்று தனி ஆணையம் வைத்துப் பணம் கொடுத்தார்களே என்று கேட்டேன். "குடுத்தாங்க. கெணறு திரும்ப வருமுங்களா?" பட்டறைக்காரர்கள்மேல் அவருக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் அவருடைய மகன் வேலை பார்ப்பதும் திருப்பூர் பனியன் கம்பெனியில்தான். இப்போது மழை நன்றாகப் பெய்தால் கொஞ்சம் கொஞ்சமாக உப்புக் குறைகிறது என்று இருவருமே சொன்னார்கள். நாளைக்கே பட்டறைகள் அத்தனையும் ஒழுங்காக நடந்தாலும், பூமிக்குள் இறங்கிய உப்பை எடுக்க எந்திரம் கிடையாது. மழைதான் வருடம் வருடமாகக் கழுவவேண்டும். மேலே ஒரு குழாயைத் திறந்துவிட ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

கிளம்பும்போது காசு கொடுக்க நீட்டினால் கோபித்துக்கொண்டார்கள். ரெண்டு தேங்காயைப் பையில் போட்டு, பஸ் நிற்கிற இடம்வரை கொண்டுவந்து விட்டார்.

நவம்பர் 12, புதன்: கொடுமுடி, நொய்யல்

சென்னிமலையில் தங்கினேன். காலையில் தொண்டை கட்டி, லேசாகக் காய்ச்சல். பெட்ஷீட் ஒன்று வாங்கி, 450 ரூபாய், அதையே போர்த்திக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். காங்கேயம், முத்தூர் வழியாகக் கொடுமுடி. நேராக நொய்யல் போகாமல் கொடுமுடிக்குப் போனது காவிரியை முதலில் தனியாகப் பார்க்கத்தான். மகுடேஸ்வரர் கோயில் படித்துறையில் ஆறு அகலமாகப் போனது. இங்கே வருவதற்குள் காவிரியும் சும்மா வரவில்லை. ஈரோட்டுப் பக்கத்துச் சாயமும் தோல் கழிவும் காலிங்கராயன் வாய்க்காலைப் பல வருடம் கெடுத்திருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயர் பவானியிலிருந்து வெட்டிய அந்த வாய்க்கால் கடைசியில் ஆவுடையார்பாறையில் நொய்யலோடுதான் வந்து சேர்கிறது. கழிவு பாசன வாய்க்காலில் இறங்காமல் பக்கத்திலேயே தனியாக ஒரு சின்ன வாய்க்கால் கட்டியிருக்கிறார்கள்.

நொய்யல் ஊரில் இறங்கினேன். கரூர் மாவட்டம். ஆற்றின் பெயரே ஊருக்கும். பாலத்துக்குக் கீழே இறங்கி நடந்தால் ஆறு கலங்கலாக, அவசரமில்லாமல் காவிரிக்குள் போகிறது. சேர்ந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரம் வரை இரண்டு நிறமும் தனித்தனியாகத் தெரிந்தன. பரிசல் ஒன்று கவிழ்த்துக் கிடந்தது. துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், நொய்யல் பக்கத்தை விட்டு மேலே தள்ளி, காவிரிப் பக்கக் கல்லில்தான் துணியை அடித்தார். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பக்கம் சோப்பு நொரைக்காதுங்க" என்றார். மழைக் காலத்தில் பரவாயில்லை, மாசி பங்குனியில் நொய்யல் மட்டும் ஓடிவரும்போது மாட்டைக்கூட அங்கே விடமாட்டார்களாம்.

"எந்தூருங்க நீங்க?"

"திருச்சி."

"அப்ப நாங்க தொவைக்கிற தண்ணி உங்களுக்குத்தான வருது" என்று சொல்லிவிட்டு, சங்கடப்பட்டாரோ என்னவோ, சோப்பை எடுத்து உள்ளே வைத்தார். அவர் ஒற்றைச் சோப்பில் காவிரிக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று நான்தான் சமாதானம் சொன்னேன். சாடிவயலில் கயிறு கட்டி நின்ற பையன், பேரூரில் கொக்கி வைத்துத் துணி எடுத்த அம்மா, பத்து வருடத்துக்கு மேல் கோர்ட்டுக்கு நடந்த ஆயக்கட்டு விவசாயிகள் என்று இந்த ஆற்றைக் காப்பாற்றுகிறவர்கள் எல்லாருமே ஏறக்குறைய இவர் மாதிரி மனுஷர்கள்தான். கெடுக்கிற கை வேறு.

கரூர் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். காய்ச்சலுக்கு இதமாகக் கடைக்காரர் சுக்குக் காப்பி போட்டுத் தந்தார், 10 ரூபாய். கரூரும் சாயப்பட்டறை ஊர்தான். திருப்பூருக்கு நொய்யல் என்றால் இவர்களுக்கு அமராவதி. அது திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. அங்கிருந்து மாயனூர், அப்புறம் எங்கள் ஊர். தை பிறந்ததும் அமராவதி அணையிலிருந்து கீழே வரலாம் என்றிருக்கிறேன். தாராபுரம் வழியில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கவேண்டும்.